ஒத்திகைத் திருடன்

ஷிமோநுமா மூன்றாம் வட்டத்தில் திருட்டு என்று ஒன்று நடந்து பல வருஷங்கள் ஆகின்றன. கடைசியாகக் காணாமல் போனது மளிகைக்கடை வாசலில் யாரோ சாத்திவைத்திருந்த ஒரு குடை. அதையும் எடுத்துப்போனவர் மறுநாளே துடைத்து, மடித்து, மன்னிப்புக் கேட்டு, ஒரு பெட்டி பயறு இனிப்போடு திருப்பி வைத்துவிட்டார். இப்படிப்பட்ட ஊருக்குக் குற்றத் தடுப்புப் பயிற்சி எதற்கு என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். குற்றம் நடக்கிற ஊரில் ஜனங்களுக்குப் பயிற்சி செய்ய நேரம் ஏது? குற்றமே இல்லாத ஊரில்தான் அதை வருஷா வருஷம், ஒழுங்காக, தேநீர் இடைவேளையோடு செய்ய முடியும்.

அதற்கென்று ஓர் ஆயுதமும் இருந்தது. கவட்டைக்கம்பு. ஆள் உயரத்தைத் தாண்டிய அலுமினியக் கம்பு. நுனியில் அரைவட்டமாக வளைந்த கவட்டை. திருடனின் இடுப்பையோ கழுத்தையோ கவட்டைக்குள் அடக்கிச் சுவரோடு வைத்து அழுத்தவேண்டும். பள்ளிக்கூடம், வங்கி, ஆஸ்பத்திரி, சங்கக் கட்டடம் என்று தீயணைப்புக் குழாய் இருக்கிற இடத்திலெல்லாம் பக்கத்தில் இதுவும் சாத்தியிருக்கும்.

கம்பு இருந்தது, பிடிக்க ஆள் இருந்தார்கள், தேநீரும் இருந்தது. இல்லாதது ஒரு திருடன்தான். ரொம்ப காலம் தெருமுனைக் காவல் சாவடியின் நெஸுதான் முகமூடி போட்டுக்கொண்டு திருடனாக வருவார். ஆனால் போலீஸ்காரரை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. கம்பை வைக்கும் முன் குனிந்து வணங்கி, "இடுப்புல வைக்கலாங்களா?" என்று அனுமதி கேட்டார்கள். ஒருமுறை அவர் கால் தடுக்கி விழுந்தபோது அத்தனை பேரும் கம்பைப் போட்டுவிட்டு மருந்து எடுக்க ஓடினார்கள். வட்டாரப் போலீஸ் தலைமையிலிருந்து வந்த பார்வையாளர், பயிற்சியில் எதார்த்தம் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். குடியிருப்போர் சங்கத் தலைவர் குரிஹராவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. குடிநீர்த் துறையில் ஒரு சொட்டுக் கசிவுகூட இல்லாமல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர் அவர்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஏபோ குவான்சா அவர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

ஏபோ கானாவின் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்தவன். வந்து பன்னிரண்டு வருஷம். மதியச் சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் ஆலையில் வேலை. வெள்ளைச் சோற்றின் நட்டநடுவில் ஒரு சிவப்பு ஊறுகாய்ப் பழத்தை வைத்து அழுத்துவது அவன் பொறுப்பு. அதாவது அந்த நாட்டுக் கொடியை அவன் தினமும் ஆயிரக்கணக்கில் தன் கையாலேயே செய்துகொண்டிருந்தான். மனைவி எஃபுவா ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். மகள் எசி அங்கேயே பிறந்தவள்; அந்த ஊர்ப் பாஷை தவிர வேறு தெரியாது. கனவில்கூட அதில்தான் பேசுவாள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை குடியேற்ற அலுவலகத்தில் நின்று, இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் எசி தனக்குத் தெரியாத நாட்டுக்குத் 'திரும்பி'ப் போகவேண்டும். இதற்கு நிரந்தர வசிப்புரிமை ஒன்றுதான் வழி. அதற்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் இவனுக்கு உத்தரவாதம் நிற்க வேண்டும். ஆலை முதலாளி அப்படி வழக்கமில்லை என்றுவிட்டார். மிச்சம் இருந்தது குரிஹரா ஒருவர்தான்.

குரிஹரா கேட்டுக்கொண்டார். பிறகு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார். அந்த ஊரில் முடியாது என்று யாரும் சொல்லமாட்டார்கள். இப்படி ஒரு சீறல்தான். சீறல் எவ்வளவு நீளமோ அவ்வளவு முடியாது என்று அர்த்தம். ஏபோ அதைக் காதால் அளந்துகொண்டே நின்றான். நன்றாக நீண்டுகொண்டு போன சீறல் திடீரென்று பாதியில் நின்றது. குரிஹராவின் கண் அவனுடைய உயரத்தையும் தோளையும் முகத்தையும் அப்போதுதான் பார்த்தது. பெயரோடு 'சான்' என்ற மரியாதை ஒட்டையும் சேர்த்துக் கூப்பிட்டார்.

"குவான்சா-சான், உத்தரவாதம்னா சும்மாவா? நீங்க நம்ம வட்டத்து வாழ்க்கையில கலந்துக்கணும். எல்லாரும் சேர்ந்து வாழணும்னு நகராட்சியே சொல்லுது. உங்களுக்குன்னே ஒரு பங்கு இருக்கு."

குப்பை பிரிக்கிற இடத்தில் காவலா என்று ஏபோ கேட்டான். பால் பெட்டியைக்கூடக் கழுவி, வெட்டி விரித்து, காயவைத்துப் போடுகிறவன் அவன்.

"அதைவிடப் பெருசு. நீங்க இல்லாம அது நடக்கவே நடக்காது."

பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அவனிடம் சொல்லாத வார்த்தை.  ஏபோ என்ன ஏதென்று கேட்காமலே சரி என்று குனிந்து வணங்கிவிட்டு வந்தான்.

முதல் பயிற்சி சங்கக் கட்டடத்தில் நடந்தது. ஏபோ வாரம் முழுக்க வசனத்தை மனப்பாடம் செய்திருந்தான். தொப்பியும் முகமூடியும் ரப்பர் கத்தியுமாக வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றி நுனி வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே நுழைந்தான். வேலை நேரத்தில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் என்றும், சிரமம் இல்லையென்றால் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடும்படியும் மிக மரியாதையான மொழியில் கேட்டுக்கொண்டான். சபையில் ஏமாற்றம் பரவியது.

நெஸு அவனை ஓரமாகக் கூப்பிட்டார். "இவ்வளவு சுத்தமா பேசினா எப்படி? வெளிநாட்டுத் திருடன் இப்படியா பேசுவான்?"

"நான் எப்பவும் இப்படித்தானுங்களே பேசறேன்."

"நீங்க திருடன் இல்லையே. கொஞ்சம் முயற்சி பண்ணுங்க."

நெஸு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வினைச்சொல்லை எங்கே உடைப்பது, மரியாதையை எங்கே விடுவது, எதைக் கத்துவது என்று ஒவ்வொன்றாகத் திருத்தினார். பன்னிரண்டு வருஷமாகக் கஷ்டப்பட்டுக் கற்றதைத் தேநீர் ஆறுவதற்குள் மறக்கவைத்துவிட்டார். இரண்டாம் முறை ஏபோ கதவை உதைத்துத் திறந்து, "பணம் எடு! கொல்லு நான்!" என்று கத்தினான். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

முதலில் எழுந்தவர் மலர் அலங்காரம் சொல்லிக்கொடுக்கும் மியோஷி அம்மாள். எழுபது வயது. பூக்காம்பை வெட்டும்போதுகூட அதற்கு வலிக்குமோ என்று பார்க்கிறவர். அவர் கம்பை ஏபோவின் வயிற்றில் செலுத்தினார். அவன் மடங்கியதும் கழுத்தில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. தலை செருப்பு அலமாரியில் மோதியது. சுவரோடு வைத்து எல்லோரும் சேர்ந்து அழுத்தியபோது உள்ளே விலா எலும்பு முறிந்தது. அது வெளியே கேட்டது. எல்லோரும் அதைக் கேட்டார்கள். பிறகு கைதட்டினார்கள். மியோஷி அம்மாளின் கன்னம் சிவந்திருந்தது. அவர் முழங்காலிட்டு, சிரமத்தைப் பொறுத்துக்கொண்டதற்கு நன்றி சொன்னார். கணவர் போனதிலிருந்து இல்லாத நல்ல தூக்கம் அன்றைக்கு வந்ததாக மறுநாள் அக்கம்பக்கத்தில் சொல்லவும் செய்தார்.

எல்லோருக்கும் சாப்பாட்டுப் பெட்டி தந்தார்கள். ஏபோ மூடியைத் திறந்தான். சோற்றின் நடுவே அவனே வைத்த பழம். தாடை திறக்கவில்லை, பார்த்துவிட்டு மூடிவைத்தான்.

உத்தரவாதத்தைப் பற்றிக் கேட்டபோது குரிஹரா மறுபடி சீறினார். ஆனால் சீறல் போன தடவையைவிடக் குட்டையாக இருந்தது என்று ஏபோவுக்குத் தோன்றியது. நம்பிக்கையோடு விலாவைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

விஷயம் காட்டுத்தீ போலப் பரவியது. பக்கத்து வட்டங்கள் எல்லாம், உங்கள் திருடனை எங்களுக்கும் கொஞ்சம் அனுப்ப முடியுமா என்று கேட்டு வந்தன. திருவிழா முரசை இரவல் கொடுப்பதுபோல, பழுதில்லாமல் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு குரிஹரா அவனை அனுப்பினார். நான்காம் வட்டம் காறை எலும்பை உடைத்துத் திருப்பித் தந்தது. இரண்டாம் வட்டம் ஒரு பல்லைத் தனியாக மெல்லிய தாளில் சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்து மன்னிப்புக் கேட்டது. ஆற்றோரத்துக்காரர்கள் அவனை மதகுக்குள் தள்ளி, மேலே வரும்போதெல்லாம் கவட்டையால் அழுத்திப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆழ்ந்த சிரத்தையோடு கற்றுக்கொண்டார்கள். அடித்த இடத்துக்கு அவர்களே கட்டும் போட்டுவிட்டதால் நேரம் மிச்சமாயிற்று. எவ்வளவு சாந்தமான மனிதர்கள்! பேருந்தில் யார் காலையாவது மிதித்துவிட்டால் பத்துத் தடவை வணங்குகிறவர்கள். எல்லோரும் பயிற்சி நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள்.

இரண்டாம் வருஷம் வட்டாரத் தலைமை ஷிமோநுமாவுக்கு ஒரு கேடயம் கொடுத்தது. குரிஹரா மேடையில் பேசினார். கட்டுப்போட்ட கையோடு ஏபோவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

"சேர்ந்து வாழறதுன்னா என்ன? ஒவ்வொருத்தருக்கும் ஒரு இடம் இருக்கணும். குவான்சா-சானுக்கு இடம் சுவரோரம். முன்னெல்லாம் வெளிநாட்டுக்காரங்களைப் பார்த்தா எங்களுக்கு ஒரு பயம். என்ன செய்யறதுன்னே தெரியாது. இப்ப பயம் போயிடுச்சு. என்ன செய்யணும்னு தெரிஞ்சுபோச்சு."

கூட்டம் கண் கலங்கிக் கைதட்டியது. ஏபோவும் ஒரு கையால் தொடையில் தட்டினான்.

கேடயம் வந்த கையோடு சுவரொட்டியும் வந்தது. தொப்பி, முகமூடி, ரப்பர் கத்தியோடு ஏபோவின் படம். இப்படிப்பட்டவரைக் கண்டால் தயங்காதீர்கள் என்று கீழே எழுத்து. குப்பை போடும் மூலையில் ஒட்டினார்கள், ரயிலடியில் ஒட்டினார்கள், பள்ளிக்கூட வாசலில் ஒட்டினார்கள். அதன் பிறகு அவன் ரயிலில் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியானது. அந்த இடம் முன்பும் காலியாகத்தான் இருக்கும். இப்போது எதிர் இடமும் காலியானது. நெஸு தினமும் சைக்கிளை நிறுத்தி அவனைச் சோதனை போட்டார். காயம்பட்ட ஆளைக் கண்டால் விசாரிக்கவேண்டும் என்பது விதி.

"நேத்து நீங்கதானுங்களே அடிச்சீங்க," என்றான் ஏபோ.

"அது பயிற்சி. இது பணி. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது," என்றார் நெஸு. பேசிக்கொண்டே அவன் பையைத் தெருவில் கவிழ்த்தார்.

எஃபுவா ஆரம்பத்தில் திட்டினாள், பிறகு அழுதாள், பிறகு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்போது மட்டும் பேசினாள்.

"எசி அப்பா, அந்தாளு உனக்கு உத்தரவாதம் நிக்கமாட்டான். நல்ல திருடனை எவனாவது குடிமகனாக்குவானா?"

"இந்தத் தடவை சீறல் குட்டையா இருந்துச்சு எஃபுவா. பாதிதான்."

"உனக்குக் காதுலயும் அடிபட்டிருக்கு," என்றாள் அவள்.

எசிக்கு இதெல்லாம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஆலையில் படிக்கட்டு வழுக்குகிறது என்றும், பள்ளி வாசல் சுவரொட்டியில் முகமூடியோடு இருப்பது யாரோ ஒரு நடிகர் என்றும் அவளிடம் சொல்லியிருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எல்லோரையும்போல அவளும் புத்தகப்பையில் ஓர் அலாரம் தொங்கவிட்டிருந்தாள். முட்டை அளவு, மஞ்சள் நிறம். சந்தேகத்துக்குரிய ஆளைக் கண்டால் ஆணியை இழுக்கவேண்டும். தெருவே கிழிகிற மாதிரி அலறும். திரும்ப ஆணியைச் செருகினால்தான் நிற்கும். அந்த ஆணி ரொம்ப இறுக்கம், எசியின் விரலுக்கு ஏறாது. வீட்டில் தவறுதலாக இழுத்துவிட்டால் காதைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் ஓடி வருவாள். ஏபோ கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவான். அதோடு அலறல் அடங்கிவிடும்.

மூன்றாம் வருஷப் பயிற்சியைக் கூட்டுறவு வங்கிக் கிளையில் வைத்தார்கள். இதை மட்டும் நல்லபடியாக முடித்துக்கொடுங்கள், பிறகு பேசுவோம் என்று குரிஹரா சொல்லியிருந்தார். பேசுவோம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ஏபோவுக்குத் தலைகால் புரியவில்லை.

விசில் ஊதினால் உள்ளே நுழையவேண்டும். ஏபோ முகமூடியோடு கதவோரம் காத்திருந்தான். உள்ளே எல்லோரும் கம்பும் கையுமாக வரிசையில் நின்றார்கள். அப்போது கோட்டு சூட்டு போட்ட ஒருவர், ஒழுங்காகத் தலைவாரியவர், வியர்த்த முகத்தோடு உள்ளே வந்து பணம் கொடுக்கும் பெண்ணிடம் குனிந்து ஏதோ சொன்னார். கோட்டுக்குள்ளிருந்து கத்தியின் பிடியையும் காட்டினார். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இப்போது திருட்டுப் பயிற்சி நடக்கவிருப்பதாகவும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்படியும் சொல்லி, வரிசைச் சீட்டை எடுத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். அவர் சீட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். என்ன இருந்தாலும் அந்த ஊர்க்காரர்.

விசில் ஊதத் தாமதமாயிற்று. குரிஹராவின் உரை நீண்டுவிட்டது. அதற்குள் கோட்டு சூட்டுக்காரரின் எண் வந்துவிட்டது. அவர் எழுந்துபோய் மேஜைக்குக் குறுக்கே சாய்ந்து, கத்தியை அந்தப் பெண்ணின் தொண்டையில் வைத்தார். அவள் பணத்தை எடுத்துப் பையில் போட்டாள். தலைவர் பேசும்போது திரும்பிப் பார்ப்பது மரியாதையில்லை என்பதால் சபையினர் திரும்பவில்லை. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தவன் ஏபோ ஒருவன்தான்.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி, அந்த மனிதரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். பதற்றத்தில் அவனுடைய பழைய நல்ல மொழி வந்துவிட்டது.

"தயவுசெஞ்சு போலீசைக் கூப்பிடுங்க. இவர்தான் நிஜத் திருடன்."

"வசனம் அது இல்லை," என்றார் குரிஹரா. "இன்னும் விசிலும் ஊதலை."

ஆனால் கம்புகளுக்கு விசில் தேவைப்படவில்லை. மூன்று வருஷப் பழக்கம். மியோஷி அம்மாளின் கவட்டை ஏபோவின் கழுத்தில் பாய்ந்தது. நெஸுவின் கவட்டை இடுப்பில். மற்றவை முழங்காலில், மணிக்கட்டில், முகத்தில். சுவரில் அவனை அறைந்து நிறுத்தினார்கள். மூக்கு உடைந்து முகமூடி சிவப்பாக நனைந்தது. பிடி விட்டுப்போன அந்த மனிதர் கத்தியோடு தனியாக நின்று எல்லோரையும் பார்த்தார். எல்லோரும் ஒரு காரியத்தைச் செய்துகொண்டிருக்கும்போது தான் மட்டும் சும்மா நிற்பது அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அவரும் வந்து ஏபோவின் தொடையில் இரண்டு தடவை குத்தினார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, தொந்தரவுக்கு மன்னிக்கும்படி சபையை வணங்கினார். சபையும் பதிலுக்கு வணங்கியது. நெஸு கதவைத் திறந்துவிட்டார்.

"இந்தத் தடவை சிவப்பு மையெல்லாம் கொண்டுவந்திருக்காரே," என்றார் மியோஷி அம்மாள், தரையைப் பார்த்து. "எவ்வளவு மெனக்கெட்டிருக்காரு."

எந்தக் காரியம் நடந்தாலும் பிறகு உட்கார்ந்து குறைநிறை பேசுவது அங்கே வழக்கம். அன்றும் பேசினார்கள். அடக்கிய வேகம் இதுவரை இல்லாதது, பாராட்டத்தக்கது. திருடன் விசிலுக்கு முன்பே நுழைந்தது குறை. தரைக்கம்பளம் பாழானது குறை. பணம் குறைவது வேறு துறை கவனிக்கவேண்டிய விஷயம். அந்தப் பெண் அழுதுகொண்டே ஏதோ சொல்ல வந்தாள். நிகழ்ச்சி நிரலில் இல்லாததால் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்கள்.

ஏபோ வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வெளியே விட்டதும் முதலில் எசியைப் பார்க்கத்தான் நினைத்தான். எஃபுவா வேலையில் இருந்தாள். பள்ளி விடும் நேரம். ஊன்றுகோலோடு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தான். உடைந்த மூக்கு பிள்ளைகளைப் பயமுறுத்தக்கூடாதே என்று முகமூடி போட்டுக்கொண்டான். தலையில் தையல் தெரியாமல் இருக்கத் தொப்பியும் போட்டுக்கொண்டான். யோசித்துப் பார்த்தால், பாவம், அதுதான் அவன் செய்த தப்பு.

வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகளைச் சாலை கடக்கவிடும் மஞ்சள் கொடியோடு குரிஹராவும் நின்றார். வரிசையின் முதல் பையன் சுவரொட்டியைப் பார்த்தான், ஏபோவைப் பார்த்தான், ஆணியை இழுத்தான். அடுத்தவனும் இழுத்தான். அலறல் வரிசையில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தது. எசி வரிசையின் கடைசியில் இருந்தாள். அப்பாவை அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏபோ முகமூடிக்குள் சிரித்தான். எசி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அவளும் இழுத்தாள்.

வாத்தியார்கள் கம்புகளோடு ஓடி வந்தார்கள். பிள்ளை எதையும் பார்க்க வேண்டாமே என்று ஏபோ தானாகவே தரையில் குப்புறப் படுத்துக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஆனால் கவட்டை வேலை செய்யச் சுவர் வேண்டும். எனவே அவனைத் தூக்கி நிறுத்தி, வாசல் சுவரில் அவன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்து முறைப்படி அடக்கினார்கள். தொடைத் தையல் பிரிந்து ரத்தம் செருப்புக்குள் இறங்கியது. முழங்கால் பின்பக்கமாக மடங்கியது.

மற்ற பிள்ளைகள் ஆணியைச் செருகிவிட்டார்கள். எசியின் அலாரம் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள், ஏறவில்லை. வாத்தியார் முறைத்தார். அவள் அழுதுகொண்டே கம்புகளுக்கு இடையில் புகுந்து அப்பாவிடம் வந்துவிட்டாள்.

"எல்லாரும் இழுத்தாங்கப்பா. நான் மட்டும் இழுக்காம எப்படி நிக்கிறது? ஆணி போகமாட்டேங்குதுப்பா."

ஏபோ ஒரு கையை எப்படியோ உருவி நீட்டி, கட்டைவிரலால் அழுத்தினான். சத்தம் நின்றது.

"குழந்தை மேல கை வைக்கிறான்," என்றார் குரிஹரா. அமைதியில் அது எல்லோருக்கும் நன்றாகக் கேட்டது. ஒரு கம்பு அந்த மணிக்கட்டில் இறங்கியது. எதற்கும் இருக்கட்டும் என்று மற்ற மணிக்கட்டிலும் ஒன்று இறங்கியது.

நான்கு நாள் கழித்துக் குரிஹரா ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் மரப்பெட்டியில் வைத்த ஒரு முலாம்பழம். கட்டிலில் ஏபோ இரண்டு கையும் ஒரு காலும் மாவுக்கட்டில் கிடந்தான். எஃபுவா பக்கத்தில் நின்றாள். பள்ளியிலிருந்து நேராக வந்த எசி புத்தகப்பையோடு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

குரிஹரா முறைப்படி வணங்கிவிட்டுத் தொண்டையைச் செருமினார். "நேத்து சங்கத்துல ஒரு முடிவு எடுத்திருக்கோம். அன்னைக்கு எசி-சான் ஆணியை இழுத்ததைப் பார்த்தேன். சொந்த அப்பான்னுகூடப் பார்க்கலை. மத்தவங்களோட சேர்ந்து நின்னுச்சு. அது நம்ம பிள்ளை. அதுக்கு எப்ப வேணும்னாலும் நான் உத்தரவாதம் நிக்கிறேன்."

மூன்று வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. ஏபோவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கையில்லை. பிள்ளை தப்பித்தது. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

"எனக்கும் இவளுக்கும் ஐயா?"

குரிஹரா தலையைச் சாய்த்தார். பல்லிடுக்கில் காற்று உள்ளே போகத் தொடங்கியது. போய்க்கொண்டே இருந்தது. ஏபோ இதுவரை கேட்டதிலேயே நீளமான சீறல்.

அது முடிவதற்குள் எஃபுவா எசியின் பையிலிருந்த அலாரத்தைப் பிடுங்கி, குரிஹராவின் முகத்துக்கு நேரே நீட்டி, ஆணியை இழுத்தாள்.

கட்டடமே அலறியது. தாழ்வாரத்தில் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. செவிலியர்கள் கவட்டைக்கம்புகளோடு உள்ளே பாய்ந்தார்கள். நல்ல பயிற்சி பெற்றவர்கள். அந்தப் பயிற்சிக்கு அடி வாங்கியவன் ஏபோதான். அறையில் பழத்தோடு ஒரு பெரியவர், மாவுக்கட்டில் ஒரு நோயாளி, ஒரு பள்ளிப் பிள்ளை, ஒரு கறுப்புப் பெண். அவர்கள் யோசிக்கக்கூட நிற்கவில்லை. எஃபுவாவின் கழுத்தைக் கவட்டையில் அடக்கிச் சுவரோடு அறைந்தார்கள். அவள் தலை இரண்டு தடவை மோதியது. அலாரம் அவள் கையிலிருந்து விழுந்து கட்டிலுக்கடியில் உருண்டு அலறியது.

"இன்னும் கொஞ்சம் மேல," என்றார் குரிஹரா. "தாடைக்குக் கீழ வைக்கணும். அப்பதான் கத்த முடியாது."

எசி கட்டிலுக்கடியில் புகுந்து அலாரத்தை எடுத்தாள். பழக்கத்தில் அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவின் கைகள் இரண்டும் வெள்ளைக் கட்டைகளாகக் கிடந்தன. அவள் ஆணியைக் கட்டில் கம்பியில் முட்டுக்கொடுத்து, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். முதல் தடவையாக அது அவள் கையால் உள்ளே போயிற்று. சத்தம் நின்றது.

எசி எழுந்து, குதிகாலைச் சேர்த்து நின்று, குரிஹராவையும் செவிலியர்களையும் பார்த்து இடுப்பிலிருந்து குனிந்து வணங்கினாள்.

"சத்தம் போட்டு எல்லாருக்கும் தொந்தரவு குடுத்துட்டோம். மன்னிச்சுக்கங்க."

குரிஹராவின் கண் கலங்கிவிட்டது. அவர் முலாம்பழத்தை மேஜையில் வைத்துவிட்டு ஏபோவின் பக்கம் திரும்பினார்.

"குவான்சா-சான், பிள்ளையை நல்லா வளர்த்திருக்கீங்க," என்றார்.

எஃபுவாவின் கழுத்திலிருந்து கம்பை இன்னும் யாரும் எடுக்கவில்லை.